மாடு மேய்ந்த தரையில் ஒரு விமானத்தளம்

1904ஆம் ஆண்டு. அமெரிக்காவின் ஒஹாயோ மாநிலத்தில், டேட்டன் நகரிலிருந்து ஸ்பிரிங்ஃபீல்டுக்கு மின்சார ட்ராம் வண்டி ஓடிக்கொண்டிருந்தது. டேட்டனிலிருந்து எட்டு மைல் போனதும் சிம்ஸ் ஸ்டேஷன் என்றொரு சிறு தரிப்பிடம். அதனை ஒட்டி முட்கம்பி வேலியடித்த ஒரு மேய்ச்சல் தரை. சுமார் 84 ஏக்கர். பழைய சதுப்பு நிலம் என்பதால் எங்கும் அரையடி உயரத்துக்குப் புல் முளைத்த மேடுகள். பசுக்களும் பத்துப் பன்னிரண்டு குதிரைகளும் அங்கே மேய்ந்துகொண்டிருந்தன. ஒரு பக்கத்தில் முள் நிறைந்த பெரிய மரமொன்று நின்றது. இந்த மரத்தை வாசகர் ஞாபகத்தில் வைத்திருக்க வேண்டும்.

தரைக்குச் சொந்தக்காரர் டொரன்ஸ் ஹஃப்மன் என்ற வங்கித் தலைவர். டேட்டன் நகரில் சைக்கிள் கடை வைத்திருந்த இரு சகோதரர்கள் அவரிடம் சென்று, தாங்கள் செய்த இயந்திரமொன்றைப் பரீட்சிக்க அந்தத் தரையைத் தர முடியுமா என்று கேட்டார்கள். அவர் வாடகை வாங்கவில்லை. ஒரேயொரு நிபந்தனைதான் விதித்தார்: பறக்கத் தொடங்குமுன் மாடுகளையும் குதிரைகளையும் வேலிக்கு அப்பால் ஓட்டிவிட வேண்டும். சகோதரர்கள் இதனை ஏற்றுக்கொண்டார்கள். அவர்களில் மூத்தவர் வில்பர் ரைட். இளையவர் ஓர்வில் ரைட்.

மனிதன் முதன்முதலாக இயந்திர விமானத்தில் பறந்த இடம் எதுவென்று கேட்டால், பொது அறிவுப் புத்தகம் படித்த பிள்ளைகள் கிட்டி ஹோக் என்று உடனே சொல்வார்கள். அது சரிதான். 1903 டிசம்பர் 17ஆம் திகதி, வட கரோலைனாவின் அந்தக் கடற்கரை மணலில் ஓர்வில் 12 வினாடிகள் பறந்தார். கடந்த தூரம் 120 அடி. இன்றைய ஜம்போ விமானமொன்றின் சிறகு நுனியிலிருந்து மறு நுனிவரை போகக்கூட அந்தத் தூரம் போதாது. அன்றைய நாலாவது பறப்பில் வில்பர் 59 வினாடிகள் தாக்குப்பிடித்து 852 அடி போனார். சற்று நேரத்தில் காற்று அந்த விமானத்தைப் புரட்டிப்போட்டது. அது பின்னர் ஒருபோதும் பறக்கவில்லை. புத்தகங்கள் கதையை அநேகமாக இந்த இடத்தோடு முடித்துவிடுகின்றன. ஆனால் அன்று அந்த விமானம் நேராக மாத்திரமே போனது. திரும்பவில்லை. வட்டமிடவில்லை. ஏறிய இடத்துக்கு மீண்டு வரவுமில்லை. இவை எல்லாவற்றையும் மனிதன் கற்றுக்கொண்டது அடுத்த இரண்டு ஆண்டுகளில், ஹஃப்மனுடைய மாட்டுத் தரையில்தான். கிட்டி ஹோக்கின் பெயர் நிலைத்துவிட்டது. இந்தத் தரையின் பெயர் நிலைக்கவில்லை.

இதற்குக் காரணம் தேடுபவர் முதலில் பத்திரிகைகளைத்தான் புரட்ட வேண்டியிருக்கிறது.

1904 மே மாதம் சகோதரர்கள் தரையின் மூலையில் ஒரு மரக்கொட்டில் அமைத்துப் புதிய விமானத்தைப் பொருத்தி முடித்தார்கள். பத்திரிகையாளர்களை அழைத்தார்கள், படம் எடுக்க வேண்டாம் என்று மாத்திரம் கேட்டுக்கொண்டார்கள். வந்தவர்கள் காத்திருந்தார்கள். காற்று போதவில்லை. பின்பு காற்று வந்தது, இயந்திரம் சரியாக வேலை செய்யவில்லை. விமானம் தண்டவாளத்தின் நுனிவரை ஓடி நின்றுவிட்டது. சில நாட்களின் பின் ஒருவாறு எழும்பியது. எழும்பிய வேகத்திலேயே தரையில் விழுந்தது. பத்திரிகையாளர் கொப்பிகளை மூடிக்கொண்டு ட்ராம் ஏறிப் போய்விட்டார்கள். அதன் பிறகு நெடுங்காலம் அவர்கள் அந்தப் பக்கம் வரவில்லை.

தண்டவாளம் என்று சொன்னேன். விமானத்தளம் என்றவுடன் நமக்குத் தார் போட்ட நீண்ட ஓடுபாதைதான் ஞாபகம் வரும். இங்கே ஓடுபாதையே கிடையாது. விமானத்துக்குச் சில்லுகளும் இல்லை. சறுக்குக் கட்டைகள்தான் இருந்தன. மரத்தாலான ஒற்றைத் தண்டவாளமொன்றைக் காற்று வரும் திசைக்கு எதிராகப் போட்டு, அதன்மேல் விமானத்தை ஓடவிட்டுத்தான் மேலெழும்ப வேண்டும். காற்றின் திசை மாறினால் தண்டவாளத்தைக் கழற்றி வேறு திசையில் போட வேண்டும். கிட்டி ஹோக்கில் பலமான கடற்காற்று இருந்தது. ஒஹாயோவின் கோடை காலத்தில் அந்தக் காற்று இல்லை. உஷ்ணத்தினால் காற்றின் அடர்த்தியும் குறைவு. ஆகவே விமானம் எழும்ப மறுத்தது. செப்டெம்பர் மாதம் சகோதரர்கள் ஒரு வழி கண்டார்கள். இருபதடி உயரமான மரச்சட்டமொன்றை நட்டு, அதன் உச்சியில் பெரும் பாரத்தைத் தொங்கவிட்டார்கள். பாரத்தை அவிழ்த்துவிட்டால் அது கீழே விழும். கயிறு விமானத்தை முன்னால் இழுத்து வீசிவிடும். நாளடைவில் அந்தப் பாரம் ஆயிரம் இறாத்தலுக்கு மேலாகியது. கிணற்றுத் துலாவைக் கண்ட எவருக்கும் இதன் சூத்திரம் உடனே விளங்கும்.

கவண் வந்த பிறகு வேலை துரிதமாகியது. செப்டெம்பர் 15ஆம் திகதி விமானம் முதன்முதலாக ஆகாயத்தில் திரும்பியது. செப்டெம்பர் 20ஆம் திகதி, மனித வரலாற்றில் முதன்முறையாக, ஒரு விமானம் முழு வட்டமடித்துப் புறப்பட்ட இடத்துக்கு வந்து சேர்ந்தது. பறந்தவர் வில்பர். எடுத்த நேரம் ஒரு நிமிடமும் 36 வினாடிகளும்.

அன்று அதனைக் கண்ணால் கண்டு எழுதியவர் ஒருவர் இருந்தார். அவர் பெரிய பத்திரிகை எதனதும் நிருபரல்லர். அமோஸ் ரூட் என்ற தேனீ வளர்ப்புக்காரர். ஒஹாயோவின் வடக்கே மெடைனா என்ற ஊரிலே தேன்கூட்டுப் பெட்டிகளும் தேனீ வளர்ப்புக்கான சாமான்களும் செய்து விற்றுவந்தவர், பக்திமான், புதிய இயந்திரங்களில் தீராத ஆசை கொண்டவர். எவரோ இரு சகோதரர்கள் பறக்க முயல்கிறார்கள் என்று கேள்விப்பட்டு, அக்காலத்து மோட்டார் காரிலே, அக்காலத்துப் பாதைகளிலே, நெடுந்தூரம் பயணம் செய்து டேட்டனுக்கு வந்தார். அப்போது அவருக்கு வயது 64.

தேனீ வளர்ப்போருக்காக 1873 முதல் ரூட் ஒரு சஞ்சிகை நடத்தி வந்தார். அதன் பெயர் ‘க்ளீனிங்ஸ் இன் பீ கல்ச்சர்’. குடும்ப விஷயங்களையும் சமய விஷயங்களையும் அவர் வழமையாக எழுதும் பகுதியொன்று அதில் உண்டு. 1905 ஜனவரி இதழிலே அந்தப் பகுதியில்தான், உலகின் முதலாவது முழுவட்டப் பறப்பின் நேர்முக வர்ணனை வெளிவந்தது. சகோதரர்கள் அனுமதி கொடுக்கும்வரை சில மாதங்கள் அவர் பொறுத்திருந்தார். விமானத்தை எதனோடு ஒப்பிடுவதென்று தெரியாமல் அவர் தவிப்பது அந்த எழுத்தில் தெரிகிறது. புகையிரத இயந்திரமொன்று தண்டவாளத்தை விட்டுக் கிளம்பிச் சிறகு விரித்து நம்மை நோக்கி வருவதைக் கற்பனை செய்யச் சொல்கிறார். இதற்கு முன் எவரும் கண்டிராத ஒன்றை வர்ணிக்க வேண்டிய நிலை எழுத்தாளன் ஒருவனுக்கு எப்போதாவதுதான் வாய்க்கிறது. அது ரூட்டுக்கு வாய்த்தது. அவருடைய நடை இலக்கிய நடையல்ல. ஆயினும், கண்டதைக் கண்டபடி சொல்லும் நேர்மை அதில் இருக்கிறது.

கட்டுரையின் பிரதியொன்றை ரூட் ‘சயன்டிஃபிக் அமெரிக்கன்’ என்ற புகழ்பெற்ற விஞ்ஞானச் சஞ்சிகைக்கும் அனுப்பிவைத்தார். அவர்கள் அதைப் பொருட்படுத்தவில்லை. தேனீ வளர்ப்புச் சஞ்சிகைக்காரர் விமானத்தைப் பற்றி எழுதினால் யார் நம்புவார்கள்! ஓராண்டு கழித்து, 1906 ஜனவரியில், அதே விஞ்ஞானச் சஞ்சிகை ரைட் சகோதரர்களின் பறப்புகளைக் கட்டுக்கதை என்ற தொனியில் எழுதியது. அது முன்வைத்த வாதம் வேடிக்கையானது. இப்படியொரு அதிசயம் உண்மையாகவே நடந்திருந்தால், எதையும் துருவித் துருவித் தேடும் அமெரிக்கப் பத்திரிகையாளரின் கண்ணில் படாமல் போயிருக்குமா என்பதே அந்த வாதம். பத்திரிகைகள் எழுதவில்லை, ஆகவே நடக்கவில்லை. அச்சில் வந்திருந்த ஒரேயொரு விரிவான சாட்சியம் அவர்களுடைய காரியாலயத்துக்கே அனுப்பப்பட்டிருந்தது.

நியாயமாகப் பேசுவதானால் அச்சஞ்சிகை தன் பிழையைத் திருத்திக்கொள்ளவும் முயன்றது. பறப்பைக் கண்டவர்கள் என்று சகோதரர்கள் பெயர் கொடுத்த 17 பேருக்கும் கேள்விக்கொத்து அனுப்பியது. 11 பேர் பதில் எழுதினார்கள். விவசாயிகளும் வியாபாரிகளுமான அந்தச் சாதாரண மனிதர்களின் பதில்களை ஏற்றுக்கொண்டு 1906 ஏப்ரலில் சஞ்சிகை தனது நிலைப்பாட்டை மாற்றியது.

சகோதரர்களுக்கும் இந்தச் சிறு சஞ்சிகை உலகம் அந்நியமானதல்ல என்பதை இங்கே சொல்லவேண்டும். சைக்கிள் கடைக்கு முன்னர் அவர்கள் நடத்தியது அச்சுக்கூடம். ஓர்வில் பாடசாலைப் பருவத்திலேயே அச்சு இயந்திரம் செய்யத் தொடங்கியவர். 1889இல் அவர்கள் சொந்தமாக ஒரு வாரப் பத்திரிகை வெளியிட்டார்கள். ஓர்விலின் வகுப்புத் தோழர்களில் ஒருவர் போல் லோரன்ஸ் டன்பார், அடிமைகளாக இருந்து விடுதலை பெற்ற பெற்றோருக்குப் பிறந்தவர். பின்னாளில் கறுப்பின மக்களின் பெருங்கவிஞர்களில் ஒருவராக அறியப்பட்டவர். 1890இல் டன்பார் தனது சமூகத்துக்காக ‘டேட்டன் டட்லர்’ என்ற பத்திரிகையைத் தொடங்கியபோது அதனை அச்சிட்டுக் கொடுத்தவர்கள் ரைட் சகோதரர்கள். சில இதழ்களோடு அது நின்றுபோனது. சிறுபத்திரிகையின் ஆயுள் எங்கும் அப்படித்தான் போலும். டன்பார் 1906இல், தனது 33ஆவது வயதில், அதே டேட்டன் நகரில் காலமானார்.

தரைக்குத் திரும்புவோம். 1904இல் சகோதரர்கள் பறக்க முயன்றது 105 தடவைகள். ஆகாயத்தில் இருந்த நேரமெல்லாவற்றையும் கூட்டிப்பார்த்தால் ஒரு மணித்தியாலம்கூட வராது. ஓராண்டு உழைப்பின் கணக்கு அவ்வளவுதான். விழுந்ததும் உடைந்ததும் திருத்தியதுமே அதிகம். திருத்துவதில் அவர்களுக்குக் கைகொடுத்தவர் சார்லி டெய்லர் என்ற மெக்கானிக். 1903 விமானத்தின் இயந்திரத்தை ஆறு வாரங்களில் செய்து கொடுத்தவர் அவர். தரையில் கொட்டிலையும் இயந்திரத்தையும் பார்த்துக்கொண்டவரும் அவரே. சகோதரர்களின் புகழில் அவருக்குப் பங்கு வந்து சேரவில்லை. முதுமையில் வறுமையுற்று, 1956இல் கலிபோர்னியாவில் இறந்தார்.

1905இல் புதிய விமானம் வந்தது. ஜூலையில் ஓர்வில் பலமாக விழுந்தார். அதன் பிறகு முன்பக்கத்திலுள்ள ஏற்ற இறக்கச் சுக்கானைப் பெரிதாக்கி இன்னும் முன்னால் தள்ளிப் பொருத்தினார்கள். விமானம் சொற்கேட்கத் தொடங்கியது. ஆயினும் ஒரு பிணி தீரவில்லை. இறுக்கமாகத் திரும்பும்போது ஒரு பக்கம் சாய்ந்து, நிமிர மறுத்துக் கீழே வழுக்கிப் போகும். செப்டெம்பர் 28ஆம் திகதி ஓர்வில் அந்த முள்மரத்தைச் சுற்றித் திரும்பிக்கொண்டிருந்தார். சுமார் நாற்பதடி உயரமான மரம். விமானம் சாய்ந்தது; மரத்தை நோக்கி வழுக்கியது. இறங்கிவிடுவோம் என்று எண்ணி ஓர்வில் முன்பக்கத்தைக் கீழே தாழ்த்தினார். உடனே வேகம் பிடித்து விமானம் நிமிர்ந்தது. அது மரத்தில் உரசியும் உரசாமலும் தப்பிய அந்தக் கணத்தில்தான் நோய் என்னவென்று புரிந்தது. திரும்பும்போது வேகம் குறைகிறது. வேகம் குறையச் சிறகின் தாங்கும் சக்தி போகிறது. மேலே இழுக்காமல் கீழே தாழ்த்தினால் வேகமும் சக்தியும் மீள்கின்றன. இன்று பறக்கப் பழகும் ஒவ்வொருவரும் ஆரம்பத்திலேயே கற்கும் பாடம் இது. அந்தப் பாடத்தை மனிதனுக்குச் சொல்லிக்கொடுத்தது ஒரு முள்மரம்.

அடுத்த ஒரு கிழமைக்குள் பறப்பின் நேரம் கட்டுக்கடங்காமல் வளர்ந்தது. ஒக்டோபர் 4ஆம் திகதி ஓர்வில் 33 நிமிடங்கள் பறந்தார். 5ஆம் திகதி வில்பர் ஏறினார். தரையைச் சுற்றிச் சுற்றி ஏறத்தாழ முப்பது தடவை வட்டமிட்டு, 24 மைல் கடந்து, எரிபொருள் தீர்ந்ததனால் மாத்திரம் இறங்கினார். 39 நிமிடங்கள். 1903, 1904 ஆகிய இரு வருடங்களிலும் பறந்த பறப்புகள் எதுவும் இந்த ஒரு பறப்புக்குக் கிட்டவும் வராது. பக்கத்து வயலில் சோளன் வெட்டிக்கொண்டிருந்த விவசாயி ஒருவர் தன் வேலையைத் தொடர்ந்தபடியே அது சுற்றுவதைப் பார்த்துக்கொண்டிருந்ததாகச் சொல்வார்கள். அவருக்கு அது பழகிப்போன காட்சி.

ட்ராம் பயணிகளும் கண்டார்கள். நகரத்துக்குப் போய்ச் சொல்லவும் செய்தார்கள். அப்படி வந்து சொன்னவர்களை நம்பாமல் திருப்பியனுப்பியதாக உள்ளூர்ப் பத்திரிகையைச் சேர்ந்தவர்கள் பிற்காலத்தில் வெட்கத்தோடு ஒப்புக்கொண்டார்கள். எனினும் பத்திரிகையாளரை மாத்திரம் குறைகூறுவது நியாயமாகாது. சகோதரர்களுக்கும் விளம்பரம் வேண்டியிருக்கவில்லை. காப்புரிமை இன்னும் கையில் கிடைக்கவில்லை. அது கிடைத்தது 1906 மே மாதத்தில்தான். கண்டவன் களவாடிவிடுவான் என்ற பயம் அவர்களுக்கு. ட்ராம் வராத இடைவேளைகளைப் பார்த்துப் பறந்தார்கள் என்பர். 1905 ஒக்டோபரில் டேட்டன் பத்திரிகை விழித்துக்கொண்டு செய்தி போட, கூட்டம் சேரத் தொடங்கியது. சகோதரர்கள் உடனே பறப்பதை நிறுத்திவிட்டார்கள். 1908 மே வரை, இரண்டரை வருடங்களுக்கு மேல், இருவரில் எவருமே தரையை விட்டு எழும்பவில்லை. பறக்கத் தெரிந்த இரண்டே இரண்டு மனிதர்கள், பறக்காமல், கடிதம் எழுதிக்கொண்டும் பேரம் பேசிக்கொண்டும் இருந்தார்கள். உலகம் நம்பியது 1908 ஓகஸ்டில் வில்பர் பிரான்சிலே ஜனத்திரளின் முன்னிலையில் பறந்த பிறகுதான்.

1910இல் மாட்டுத் தரைக்கு மீண்டும் உயிர் வந்தது. ரைட் கம்பனி அங்கே புதிய கொட்டில் எழுப்பிப் பறப்புப் பள்ளிக்கூடம் நடத்தியது. அவ்வருடம் மே 25ஆம் திகதி சகோதரர் இருவரும் ஒன்றாகப் பறந்தார்கள். விபத்து நேர்ந்தால் ஒருவராவது மிஞ்ச வேண்டும் என்பதற்காக ஒன்றாகப் பறப்பதில்லை என்று இருந்தவர்கள் அவர்கள். அந்த ஒரு தடவையோடு சரி. அதே நாளில் 81 வயதான தகப்பனாரையும் ஓர்வில் ஏற்றிச் சென்றார். மதகுருவான அந்த முதியவர் பயப்படவில்லை. இன்னும் மேலே போகும்படி மகனிடம் சொன்னார். நவம்பர் 7ஆம் திகதி இத்தரையிலிருந்து பட்டுத் துணிச் சுருள்களை ஏற்றிக்கொண்டு ஒரு விமானம் கொலம்பஸ் நகரிலுள்ள கடையொன்றுக்காகப் பறந்தது. ஆகாய வழியாக வியாபாரச் சரக்கு போனது அதுவே முதற்தடவை.

1916இல் பள்ளிக்கூடம் மூடப்படும்வரை 119 பேர் அங்கே பறக்கப் படித்தார்கள். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்க விமானப் படைக்குத் தலைமை தாங்கிய ஹென்றி ஆர்னல்ட் அவர்களில் ஒருவர். முதலாம் போரில் ஜேர்மனியின் ரிச்தோஃபனை வீழ்த்தியவராகச் சொல்லப்பட்ட கனடா நாட்டு ரோய் பிரவுன் இன்னொருவர். 1914இல் மார்ஜரி ஸ்டின்சன் என்ற 18 வயதுப் பெண்ணும் அங்கே படித்துச் சித்தியடைந்தார். பட்டுத் துணி போன பாதையில் குண்டுகளும் போகப்போகின்றன என்பது அந்தப் பெயர்ப்பட்டியலைப் பார்க்கும்போது தெரிகிறது. வில்பர் 1912இலேயே டைபொயிட் காய்ச்சலில் இறந்துவிட்டார். ஓர்வில் 1948 வரை இருந்து எல்லாவற்றையும் பார்த்தார்.

1913 மார்ச்சில் டேட்டனைப் பெருவெள்ளம் மூழ்கடித்தது. ரைட் வீட்டின் பின்னாலுள்ள கொட்டிலில் இருந்த கண்ணாடிப் படத்தகடுகள் நாட்கணக்காகச் சேற்று நீரில் கிடந்தன. கிட்டி ஹோக்கின் அந்தப் பிரபலமான படத்தின் மூலத்தகடும் மூலையில் சேதமடைந்தது. வெள்ளத்துக்குப் பிறகு, இனியொரு வெள்ளம் வந்தால் நீரைத் தேக்கி வைப்பதற்காக ஹஃப்மன் அணை கட்டப்பட்டது. மேய்ச்சல் தரை அணையின் வெள்ளப் படுகைக்குள் அகப்பட்டது. விமானத்தளம் மூடப்பட்டும் அந்த நிலத்தில் வீடோ தொழிற்சாலையோ எழாமல் போனதற்கு இதுவே முக்கிய காரணம். அதைக் காப்பாற்றியது வரலாற்றுணர்வு என்று சொல்வதற்கில்லை.

1917இல் இராணுவம் நிலத்தைப் பொறுப்பெடுத்தது. படிப்படியாக வளர்ந்து 1948இல் ரைட்-பட்டர்சன் விமானப்படைத் தளம் என்ற பெயரைப் பெற்ற பிரமாண்டமான தளத்தின் ஒரு மூலையாக மாட்டுத் தரை ஒடுங்கிப்போனது. அந்தத் தளத்தின் பெயர் நம்மில் பலருக்கு வேறொரு காரணத்தால் பழக்கமானது. பொஸ்னியாவின் போரை நிறுத்துவதற்காக 1995 நவம்பரில் மூன்று வாரங்கள் பேச்சுவார்த்தை நடந்தது அங்கேதான். ஸ்ரெப்ரெனிக்காவில் ஆயிரக்கணக்கான முஸ்லிம் ஆண்களும் சிறுவர்களும் கொல்லப்பட்டு நான்கு மாதங்களே ஆகியிருந்தன. அலியா இஸெத்பெகோவிச்சும் மிலோஷெவிச்சும் துட்ஜ்மனும் ஒரே வேலிக்குள் தங்கவைக்கப்பட்டார்கள். டேட்டன் உடன்படிக்கை என்று நாம் அந்நாட்களில் பத்திரிகைகளில் வாசித்தது இந்த ஊரின் பெயரைத்தான். முதல் வட்டப் பறப்பு நிகழ்ந்த தரை அந்தத் தளத்துக்குள்ளேயே கிடந்தது என்பதை அன்று நான் அறிந்திருக்கவில்லை.

1910இல் கட்டிய கொட்டில் 1940கள் வரை நின்று பின் இல்லாமற் போனது. தரை 1990இல் தேசிய வரலாற்றுச் சின்னமாகப் பிரகடனப்படுத்தப்பட்டது. 1905ஆம் ஆண்டுக் கொட்டிலையும் கவண் சட்டத்தையும் போல மாதிரிகள் செய்து அவ்வருடமே நிறுத்தினார்கள். 1992இல் அது தேசியப் பூங்காவொன்றின் பகுதியாகியது. பக்கத்திலே நூறு ஏக்கருக்கு மேல் பழைய உயர்புல்வெளி எஞ்சியிருக்கிறது. ஒஹாயோவில் இவ்வளவு பெரிதாக மிஞ்சியவை மிகச் சிலவே. கோடையில் அங்கே காட்டுப்பூக்கள் பூக்கின்றன. ட்ராமும் இல்லை, தரிப்பிடமும் இல்லை. மாடுகளும் இல்லை.